அலமாரிக்குப் பின்னால் எட்டரை டிகிரி

வேல்ஸில் கார்டிஃப் நகருக்கு அருகே ஒரு சிற்றூர். 1970-களின் தொடக்கத்தில் உள்ளாட்சி மன்றம் அங்கே வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டது. அவற்றில் ஒரு வீட்டில் குளிர்காலம் வந்தால் சுவர் வியர்க்கும். சன்னல் சட்டம் உலோகம், கண்ணாடி ஒற்றை அடுக்கு. சன்னலுக்கு மேலே ஓடிய கான்கிரீட் லிண்டலுக்குக் குளிர்காப்பு எதுவும் கிடையாது. நாற்காலி, படுக்கை, உடுதுணி எல்லாம் பூசணம் பிடித்து இற்றுப்போயின. குடியிருந்தவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது.

வீடு படுமோசம் என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு கேள்வி: இங்கே எது பழுதாகியிருக்கிறது? சட்டம் வீட்டுக்காரர் மேல் சுமத்தியிருந்தது பழுதுபார்க்கும் கடமை. உலோகச் சன்னல் கட்டிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. லிண்டல் விரிசல் விடவில்லை. குளிர்காப்பு பழுதாகவில்லை, ஏனென்றால் அது ஆரம்பத்திலிருந்தே இல்லை. பழுதே ஆகாத ஒன்றை எப்படிப் பழுதுபார்ப்பது? 'க்விக் எதிர் டாஃப்-ஈலி' என்ற பெயரில் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. ஆனாலும் படிக்கும் எவருக்கும் எங்கோ இடிக்கும்.

எங்கே இடிக்கிறது என்று பார்க்கச் சட்டப் புத்தகத்தைச் சற்று மூடிவைத்துவிட்டு, ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரைப் பார்க்கலாம். டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக நீர் கோக்கிறது. டம்ளர் ஒழுகுகிறது என்று யாரும் சொல்ல மாட்டோம். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் நீராகியிருக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் அதிகபட்சம் 17 கிராம் நீராவி இருக்கலாம். 10 டிகிரியில் அது 9.4 கிராம்தான். பூஜ்யத்தில் ஐந்து கிராமுக்கும் சற்றுக் குறைவு. காற்று குளிரக் குளிர இந்த உச்சவரம்பு இறங்குகிறது. எந்த வெப்பநிலையில் கையிருப்பு நீராவியே உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறதோ அதுதான் பனிப்புள்ளி. வீட்டுக்குள் 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிப்புள்ளி ஒன்பதேகால் டிகிரி. அதைவிடக் குளிர்ந்த பரப்பு எதுவானாலும் வியர்க்கும்.

பூசணம் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. பலர் தவறவிடும் இடம் இது. சுவரில் சொட்டு நீர் தெரியாவிட்டாலும், சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தின் ஈரப்பதம் நாள் கணக்கில் 80 சதவீதத்தில் நின்றால் போதும், வித்து முளைத்துவிடும். மேலே சொன்ன அறையில் சுவர்ப்பரப்பு 12.6 டிகிரிக்கு இறங்கினாலே அந்த நிலை வந்துவிடுகிறது. கையால் தொட்டால் சுவர் உலர்வாகத்தான் இருக்கும். ஆனால் பூஞ்சைக்கு அது போதிய ஈரம்.

இப்போது ஒரு கணக்கு. வெளியே பூஜ்யம் டிகிரி, உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். சுவர் ஒன்பது அங்குலச் செங்கல். இங்கிலாந்தின் பழைய தெருக்களில் இருக்கிறதே, அது. இத்தகைய சுவர் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு இரண்டு வாட் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். கட்டடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சாதாரணச் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால் சுவரின் உட்பரப்பு 14.8 டிகிரி என்று வருகிறது. பரப்பில் ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி நிற்கும். பூசணம் வராது. இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலைக்குப் போனால் அங்கே அறைக்காற்று சரியாகப் புழங்காது. பரப்பு 12 டிகிரியை ஒட்டி இறங்கி, ஈரப்பதம் 84 சதவீதமாகிவிடும். அதனால்தான் கறுப்புப் புள்ளிகள் எப்போதும் மூலையிலிருந்தே கிளம்புகின்றன.

அதே சுவரை ஒட்டி ஒரு துணி அலமாரியை நிறுத்துங்கள். அறையின் கதகதப்பு அலமாரியைத் தாண்டிச் சுவரை எட்டாது. வெளியிலிருந்து வரும் குளிர் வந்துகொண்டே இருக்கும். அலமாரிக்குப் பின்னால் சுவரின் வெப்பநிலை எட்டரை டிகிரி. பனிப்புள்ளிக்கும் கீழே. அங்கே சுவர் நனையும். ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே சுவரில் ஆறு டிகிரி வித்தியாசம்.

இதைத்தான் வீட்டுக்காரர் தரப்பு காலங்காலமாகச் சொல்லிவருகிறது: பார்த்தீர்களா, அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டது யார்? குடியிருப்பவர்தானே? நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். சுவருக்கு இக்காலக் குளிர்காப்பு போட்டு, இரண்டு வாட்டை 0.3 வாட்டாக்குங்கள். அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இப்போது அதன் பின்னால் வெப்பநிலை 17 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தொடவில்லை. குடும்பம் அதே, சமையல் அதே, அலமாரி அதே, பூசணம் இல்லை. எட்டரை டிகிரியில் அலமாரிக்கும் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் அலமாரியைச் சுவரோரம் போட்டாலே நோய் வரும் சுவரைச் 'சரியான சுவர்' என்று அழைக்க என்னால் முடியவில்லை. அலமாரியை வேறு எங்கே போடுவார்கள், அறை நடுவிலா?

அடுத்து நீராவிக் கணக்கு. நான்கு பேர் உள்ள குடும்பம் மூச்சாலும் வியர்வையாலும் சமையலாலும் குளியலாலும் துணி உலர்த்துவதாலும் ஒரு நாளில் காற்றில் கலக்கும் நீர் சுமார் 10 லிட்டர். தூங்குகிற ஓர் ஆள் மட்டுமே மணிக்கு 40 கிராம் அளவுக்கு வெளியிடுகிறார். எரிவாயு அடுப்பு சமையலின் ஆவியோடு நிற்பதில்லை. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால், எரிதலின் விளைவாகவே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் உருவாகிறது. வெளியே உலர்த்த இடமில்லாத மாடி வீட்டில் ஒரு சுமைத் துணி உள்ளேயே காய்ந்தால் இன்னும் இரண்டு லிட்டர்.

இந்த 10 லிட்டரை வெளியே அனுப்ப வேண்டும். குளிர்நாட்டில் அதற்கு வழி சன்னலைத் திறப்பது. பூஜ்யம் டிகிரிக் காற்றில் நீராவியே குறைவு. அது உள்ளே வந்து சூடானதும் நல்ல உலர்காற்றாகிவிடும். ஆனால் எத்தனை முறை திறப்பது? அறுபது சதுர மீட்டர் வீட்டில் சுமார் 150 கனமீட்டர் காற்று இருக்கிறது. முழுக் காற்றையும் ஒருமுறை மாற்றினால் வெளியேறும் நீர் அறுநூற்றுச் சொச்சம் கிராம். பத்து லிட்டருக்குப் பதினாறு முறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த குளிர்காற்றைச் சூடாக்க ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். ஆகவே நாளுக்குப் பதினாறு யூனிட். 2022 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு விலைக்கு உச்சவரம்பு போட்டுத் தாங்கிப் பிடித்தபிறகும் அங்கே யூனிட் மின்சாரம் 34 பென்ஸ். மின்ஹீட்டர் வைத்திருக்கும் வீட்டில், ஈரத்தைத் துரத்த மட்டுமே தினம் ஐந்து பவுண்டுக்கு மேல் போகும். சன்னலைத் திறந்து வையுங்கள், ஹீட்டரை அணைக்காதீர்கள் என்று துண்டறிக்கை அச்சடித்துக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் யாரும் அந்தத் துண்டறிக்கையை அச்சடிக்கத் தேவை இருக்கவில்லை. நிலக்கரி அடுப்பு எரிந்த காலத்து இங்கிலாந்து வீடுகளில் புகைபோக்கி ஓயாமல் அறைக்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சன்னல் இடுக்கு வழியாகக் குளிர் அடிக்கும், ஆனால் வீடு காய்ந்திருக்கும். லண்டனின் கொலைகாரப் புகைமூட்டத்துக்குப் பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரியடுப்பு போனது, புகைபோக்கியை அடைத்தார்கள். 1970-களில் எண்ணெய் விலை ஏறியதும் இடுக்குகளையும் அடைத்தார்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் நல்ல காரியம். எல்லாம் சேர்ந்து, ஈரம் வெளியேற இருந்த வழிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டன. கான்கிரீட் அடுக்குமாடிகள் எழுந்ததும் இதே காலத்தில்தான். குடியிருப்பவர்களின் மூச்சு மாறவில்லை. கட்டடம்தான் மாறியது.

பூசணத்தையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். அது எங்கிருந்தோ வந்து குடியேறுவதில்லை; பூஞ்சை வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் மிதக்கின்றன. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டதும் முதலில் முளைப்பவை பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் வகைகள். குளிர்ந்த சன்னல் ஓரத்தில் ஆலிவ் பச்சையும் கறுப்புமாகப் பரவுவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம். வித்திலிருந்து மயிரிழையைவிட மெல்லிய இழை ஒன்று கிளம்பி, சுவர்த்தாளின் பசையை, பெயின்டில் உள்ள கரிமப் பொருளை, ஒட்டியிருக்கும் தூசியை நொதிகளால் கரைத்து உறிஞ்சியபடி கிளைத்துச் செல்லும். நாம் பார்க்கும் கறுப்புப் புள்ளி, அந்த வலைப்பின்னல் வித்துக்குலை விட்ட பிறகு தெரியும் தோற்றம். அதாவது கண்ணில் படும்போது காரியம் முற்றிவிட்டிருக்கும். மேலாகத் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தால், சில வாரங்களில் பெயின்டையும் தின்றுகொண்டு மேலே வரும். செத்த வித்தும் ஒவ்வாமையைக் கிளப்பவல்லது என்பதால், கொல்வது மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும்.

'நச்சுக் கறுப்புப் பூசணம்' என்று பயமுறுத்தப்படும் ஸ்டாக்கிபோட்ரிஸ் வகைக்கு ஈரப்பதம் 94 சதவீதம்போல வேண்டும். குழாய் ஒழுகி ஊறிய ஜிப்சம் பலகை அதற்கு விருந்து. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1990-களில் கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்ததற்கும் இதற்கும் தொடர்பு சொல்லப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2000-இல் அந்த ஆய்வை மறுபரிசீலனை செய்து, தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. நிறத்தைப் பார்த்து நச்சை அளக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருப்பது இன்னும் அடக்கமான, இன்னும் பயனுள்ள முடிவு: ஓதம் பிடித்த வீடுகளில் ஆஸ்துமா தீவிரமடைவதற்கும் மூச்சுக்கோளாறுகளுக்கும் போதிய சான்று இருக்கிறது, இத்தனை வித்து வரை பாதுகாப்பு என்று எல்லை எதையும் வரையறுக்க முடியாது, ஆகவே ஓதத்தையே தடுக்க வேண்டும்.

இனி ரோச்டேல். மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள இந்த ஊரில், சமூக வீட்டுவசதி அமைப்பு ஒன்றுக்குச் சொந்தமான ஒற்றைப் படுக்கையறை வீட்டில் சூடானிலிருந்து வந்த குடும்பம் வாடகைக்கு இருந்தது. சுவரில் பூசணம் இருப்பதைக் குடும்பத் தலைவர் 2017-இலேயே சொன்னார். பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. 2018-இல் மகன் அவாப் இஷாக் பிறந்தான். 2020 ஜூனில் குடும்பம் வழக்கறிஞர் மூலம் நடவடிக்கையில் இறங்கியது. வழக்கறிஞர் வந்துவிட்டால், ஒப்பந்தம் ஆகும்வரை வேலையைத் தொடங்குவதில்லை என்பது அந்த அமைப்பின் நடைமுறையாக இருந்தது. ஜூலையில் வீட்டுக்கு வந்துபோன சுகாதார ஊழியர் குழந்தையின் உடல்நிலை குறித்துக் கவலை தெரிவித்து எழுதினார். சுவர் அப்படியே இருந்தது. இரண்டாவது பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரம், 2020 டிசம்பர் 21 அன்று, குழந்தை இறந்துபோனான்.

2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி ஜோன் கியர்ஸ்லி வழங்கிய முடிவு, வீட்டுச் சூழலில் பூசணத்தை நெடுங்காலம் சுவாசித்ததால் ஏற்பட்ட கடுமையான மூச்சுக்கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று சொன்னது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. பூசணத்துக்கு மூலமான ஈரம் சாதாரண அன்றாட வாழ்க்கையிலிருந்து வந்தது. அதை வெளியேற்றப் போதிய காற்றோட்ட வசதி அந்த வீட்டில் இல்லை. அந்தக் குடும்பம் எப்படிக் குளிக்கிறது, எப்படி வாழ்கிறது என்பது பற்றி அமைப்பின் ஊழியர்களிடம் ஊகங்கள் இருந்தன. அந்த ஊகங்கள் தவறு என்று அமைப்பு பின்னால் ஒப்புக்கொண்டது. வாளியில் மொண்டு குளித்து வளர்ந்த நமக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். ஆனால் அந்தக் குடும்பம் எப்படிக் குளித்தது என்பதே இங்கு பொருட்டல்ல. குளியலறை என்று ஒன்றைக் கட்டினால் அங்கே நீராவி வரும். அதை வெளியே தள்ளும் விசிறி கட்டடத்தின் உறுப்பு. குளிப்பவருடைய ஒழுக்கத்தில் சேர்ந்ததல்ல.

இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் இந்த முடிவுக்கு ஓராண்டு முன்பே, 2021 அக்டோபரில், ஓதமும் பூசணமும் பற்றி ஒரு சிறப்பறிக்கை கொடுத்திருந்தார். 'வாழ்க்கைமுறைதான் காரணம்' என்ற பல்லவியை நிறுத்துங்கள் என்பதே அறிக்கையின் சாரம். தலைப்பே அதைத்தான் சொன்னது. அப்போது அது அலமாரியில் சேர்ந்த அறிக்கைகளில் ஒன்றாயிற்று.

க்விக் வழக்கில் நீதிபதிகள் கைகட்டி நின்றதற்கு ஒரு விந்தையான காரணமும் உண்டு. வாடகை வீடு 'மனிதர் குடியிருக்கத் தக்கதாக' இருக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 1885 முதலே இருந்தது. ஆனால் அது சிறு வாடகை வீடுகளுக்கு மட்டும். 1957-இல் வைத்த வரம்பு ஆண்டு வாடகை லண்டனில் 80 பவுண்டு, பிற இடங்களில் 52 பவுண்டு. அதன்பின் அந்த எண்ணை யாரும் தொடவில்லை. விலைவாசி ஏற ஏற விதிக்குள் வரும் வீடே நாட்டில் இல்லாமல் போனது. சட்டம் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. அது காப்பாற்ற வேண்டிய வீடுகள் மறைந்துவிட்டன. மிஞ்சியது 'பழுது' மட்டும். 2011-இல் இன்னொரு வழக்கில், சுவர்ப் பூச்சும் கட்டடத்தின் அங்கமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதாவது ஓதத்தில் காரை பெயர்ந்து விழுந்தால் உங்களுக்கு வழக்கு உண்டு; விழாமல் கறுப்பாகப் பூத்து நின்றால் கிடையாது. இந்த அபத்தம் தீர 2018 வரை ஆனது. அந்த ஆண்டுச் சட்டம் வாடகை வரம்பை நீக்கியது. 2019 மார்ச் 20 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. 'எது உடைந்தது?' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'இங்கே மனிதர் வாழ முடியுமா?' என்ற கேள்வி மீண்டும் இடம் பிடித்தது.

அவாபின் பெயரால் வந்த சட்டம் மூன்றாவது கேள்வியைச் சேர்த்தது: எத்தனை நாளில்? 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளில், கடுமையான ஓதமும் பூசணமும் பற்றித் தகவல் வந்தால் 10 வேலை நாளில் ஆய்வு முடிய வேண்டும். ஆய்வு முடிந்த மூன்று வேலை நாளில் முடிவை எழுத்தில் தர வேண்டும். ஐந்து வேலை நாளில் ஆபத்தை நீக்க வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரம். முடியாவிட்டால் குடும்பத்துக்கு மாற்றுத் தங்குமிடம் தர வேண்டும். யார் குற்றவாளி என்று முதலில் தீர்மானித்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்கலாம் என்ற பழைய வரிசையை இது தலைகீழாக்குகிறது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது அதுதான். பூஞ்சை இழை வழக்கின் வாய்தா தேதி பார்த்து வளர்வதில்லை.

ஜெர்மனி வேறு வழியில் போனது. அங்கே சன்னலைத் திறந்து காற்று மாற்றுவது கிட்டத்தட்ட தேசிய ஒழுக்கம். வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். ஹாம்பர்க் அருகே 1968-லும் 1971-லும் கட்டிய வீடுகளின் வாடகைதாரர்கள், மூலைகள் குளிர்ந்து பூசணம் வர வாய்ப்பிருப்பதாலேயே வாடகையைக் குறைக்கக் கேட்டார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் மறுத்துவிட்டது. கட்டிய காலத்தின் தரவிதிக்கு உட்பட்ட சுவரைக் குறையுள்ள சுவர் என்று சொல்ல முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை சன்னலை அகலத் திறந்து காற்று மாற்றச் சொல்வதும் அதிகப்படி இல்லை என்பது தீர்ப்பு. இதில் சங்கடமான உண்மை ஒன்று இருக்கிறது. பழைய கட்டடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் இடித்துக் கட்ட முடியாது. அங்கே வாழ்பவரிடம் கொஞ்சம் ஒத்துழைப்பு கேட்கத்தான் வேண்டும். காற்றுத்துளையைத் துணி வைத்து அடைப்பவரும், மண்ணெண்ணெய் ஹீட்டரை மூடிய அறையில் எரிப்பவரும் உண்டு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீராக அறைக்குள்ளேயே வந்து சேரும். ஆனால் பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் இருவரும் இரவு முழுக்கத் தூங்கும் ஒரு குழந்தையும் உள்ள வீட்டில் அந்தத் திறப்பு போதுமா என்பதை நீதிமன்றத்தில் தீர்மானிக்க வேண்டியதே இல்லை. ஈரப்பதமும் வெப்பநிலையும் பதியும் சிறு கருவி ஒன்றை இரண்டு வாரம் அறையில் வைத்தால் அது சொல்லிவிடும். அறைக்காற்று நாள் முழுதும் 50 சதவீதத்தில் இருந்தும் மூலை கறுத்தால் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும். காற்று எந்நேரமும் 75-இல் நின்றால், விசிறி ஓடுகிறதா, துணி எங்கே காய்கிறது, ஹீட்டர் போடக் காசு இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

இந்த அறிவுரைகளை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் வம்பு. மழைக்காலச் சென்னையில் வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 23 கிராம் நீராவி. பனிப்புள்ளி 25 டிகிரி. சன்னலைத் திறந்தால் ஈரம் வெளியே போகாது, உள்ளேதான் வரும். இங்கே பூசணம் குளிர்ந்த மூலையைத் தேடுவதில்லை. வீடு முழுக்கவே 80 சதவீதம் என்பதால் பீரோவுக்குள் இருக்கும் தோல் பெல்ட், செருப்பு, பட்டுப்புடவை, புத்தக முதுகு என்று கிடைத்த இடத்தில் பூக்கும். புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பக்கத்து அறையிலோ பக்கத்து வீட்டிலோ இரவெல்லாம் ஏசி 22 டிகிரியில் ஓடுகிறது. நடுவே நாலரை அங்குலச் சுவர். ஏசி இல்லாத பக்கத்தில் அந்தச் சுவரின் பரப்பு 27 டிகிரிக்கு இறங்கும். அதன் மேல் ஈரப்பதம் 90 சதவீதம் ஆகும். ஏசி போட்டவர் அறை பளிச்சென்று இருக்க, போடாதவர் சுவர் கறுக்கும். ஐரோப்பாவில் குளிர் வெளியிலிருந்து வருகிறது. இங்கே அடுத்த வீட்டிலிருந்து வருகிறது. எந்த வாடகைச் சட்டமும் இதை இன்னும் கண்டுகொள்ளவில்லை.

இருந்தாலும் நம் ஊர் வாடகை வீட்டு ஓதத்தில் பெரும்பங்கு வகிப்பது காற்றின் ஈரமல்ல, ஒழுகும் நீர்தான். மொட்டை மாடித் தளத்தில் தட்டோட்டு இணைப்பு விட்டுப்போயிருக்கும். சன்ஷேடில் விரிசல் இருக்கும். மேல்வீட்டுக் குளியலறை டைல்ஸ் இடுக்கில் கசியும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. சுவரின் ஓதப்பட்ட இடத்தில் உள்ளங்கை அகல அலுமினியத் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டி, காற்றுப் புகாமல் பதித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. பெயின்ட் கொப்புளித்து, சொரசொரவென்று வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அதுவும் இரண்டாவது வகைக்குச் சாட்சி. நீர் செங்கல்லின் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து பரப்பில் விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது. இரண்டு ஊசி கொண்ட ஈரமானியைச் சுவரில் குத்திக் காட்டுபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. அந்தக் கருவி மின்தடையை அளக்கிறது, மரத்துக்காகத் தரப்படுத்தப்பட்டது. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரிலும் முள் சிவப்புக்கு ஓடும்.

கூரையில் வட்டமாகத் திட்டு விழுந்திருந்தால் அது எப்போது பெருகுகிறது என்று கவனியுங்கள். மேல்வீட்டில் குளித்து முடித்த நேரத்தில் மட்டும் என்றால் வடிகுழாய் அல்லது தரை. இரவு பகல் பார்க்காமல் சொட்டினால் அழுத்தத்தில் நீர் வரும் குழாய். தரைதான் என்ற சந்தேகம் இருந்தால் பிளம்பர்கள் வடிவாயை அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருப்பது, இந்த வேலைகளை அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலை குடியிருப்பவர் பொறுப்பு. பூசணம் என்ற பெயரில் தனி வரி கிடையாது, ஆனால் ஒழுகும் குழாயால் வந்த பூசணத்துக்கு முதல் வரிசையே போதும். மேல்வீட்டுக்காரரோடு உங்களுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. மாடிப்படியில் நின்று அவரோடு சண்டை போடுவதால் தரை சரியாகாது. உங்கள் ஹவுஸ் ஓனருக்குத் தேதியிட்ட படங்களோடும், எந்த நேரத்தில் சொட்டுகிறது என்ற குறிப்போடும் எழுத்தில் தெரிவியுங்கள். மேலே ஏறிப் பேச வேண்டியவர் அவர்.